நகர வலம்: இருந்த பெங்களூரும் இருக்கும் பெங்களூரும்

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றிலும் ஒரே கேள்வி எழுகின்றது. சேலத்திலிருந்தும் வேலூரிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் அத்தையும் மாமாவும் பிள்ளைகளும் வந்திறங்குகின்றனர். "இந்த ஊரில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று கேட்கின்றனர். லால்பாகைக் காட்டுகின்றோம்; விதான சவுதாவின் எதிரே நிறுத்திப் படம் எடுக்கின்றோம்; மாலையில் குளிர்பதனம் செய்த பெருங்கடை ஒன்றில் மின்படிக்கட்டில் ஏற்றி இறக்குகின்றோம். அத்துடன் ஊர் பார்த்தாகிவிட்டது என்று எண்ணிவிடுகின்றோம்.

பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்தி, இரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தாவாய்ப் பேரேடு புரட்டும் நாம் கட்டடக் கலை கற்றவர் அல்லோம். ஆயினும் பகற்பணியும் இரவுப்பணியும் மாறி மாறிப் பார்ப்பவர்க்கு ஒரு பேறு உண்டு. நகரை அதன் எல்லா நாழிகைகளிலும் காணும் பேறு அது. அந்தத் துணிவில், இந்நகரின் பழைய கட்டடங்களையும் பழைய இரவுகளையும் பற்றி இத்திங்கள் சில சொல்லத் துணிந்தோம். இவற்றில் நம்மவர் பங்கு சிறிதன்று என்பதே நாம் சொல்ல வந்ததன் சாரம்.

முதலில் ஒன்றை மனத்திற் கொள்ளல் வேண்டும். பெங்களூர் ஓரூர் அன்று, ஈரூர். ஒன்று பேட்டை. 1537-ஆம் ஆண்டு கெம்பே கௌடர் மண்கோட்டை எழுப்பி வகுத்த ஊர் அது. பஞ்சுக்கு அரளேபேட்டை, அரிசிக்கு அக்கிபேட்டை, வளையலுக்கு பளேபேட்டை எனத் தொழிலுக்கொரு தெரு அங்கு உண்டு. மற்றொன்று தண்டு. 1809-இல் ஆங்கிலேயர் தம் படைக்கென அல்சூர்ப் பக்கம் அமைத்த பாளையம் அது. அப்படையின் பின்னே ஆர்க்காட்டுச் சீமையிலிருந்தும் அடுத்த தமிழ் மாவட்டங்களிலிருந்தும் கொத்தரும் தச்சரும், சமையற்காரரும் சலவைத் தொழிலாளரும், தானிய வணிகரும் ஒப்பந்தக்காரரும் வந்தனர். 1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து தண்டு நிலையம் வரை இருப்புப்பாதை திறக்கப்பட்ட பின் அவ்வரவு பெருகிற்று. இவ்விரண்டு ஊர்களும் ஒரே மாநகராட்சியாய் இணைந்தது 1949-ஆம் ஆண்டிலேதான். ஆதலின் இந்நகரில் கட்டடமும் இருவகை, இரவும் இருவகை.

கட்டடங்களுள் கப்பன் பூங்காவின் ஓரத்தில் நிற்கும் செந்நிற உயர்நீதிமன்றத்தை அறியாதார் இலர். அதன் பழம்பெயர் அட்டாரா கச்சேரி. 'அட்டாரா' என்பது இந்துஸ்தானியிற் பதினெட்டு. மைசூர் ஆட்சியின் பதினெட்டுத் துறைகளும் திப்பு சுல்தானின் மர அரண்மனையில் நெருக்கியடித்துக் கொண்டிருந்தன. அவற்றிற்கென எழுந்த இக்கட்டடம் 1868-இல் நிறைவுற்றது. அதைக் கட்டும் ஒப்பந்தத்தை ஏற்றவர் ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் என்னும் தமிழர். ஈட்டிய பொருளை அவர் பெட்டியிற் பூட்டவில்லை. 1873-இல் அவர் தொடங்கிய கல்வி அறநிலையம், ஆர்.பி.ஏ.என்.எம். என்னும் எழுத்துகளைத் தாங்கி இன்றும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி வருகின்றது. நம் வீட்டுப் பிள்ளைகளிற் பலர் அவ்வெழுத்துகளை நாள்தோறும் காண்கின்றனர். அவ்வெழுத்துகளுக்குப் பின்னே உள்ள மனிதரையும் அச்சிவந்த மாளிகையையும் இணைத்துச் சொல்லிக் கொடுத்தவர் நம்முள் எத்தனை பேர்?

பூங்காவின் உள்ளே மற்றொரு செந்நிற மண்டபம் உண்டு. 1915-இல் எழுந்த சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபம் அது, நூலகமாக விளங்குவது. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்திற் பிறந்த சேஷாத்ரி ஐயர் 1883 முதல் 1901 வரை மைசூரின் திவானாக இருந்தவர். காவிரி வீழும் சிவசமுத்திரத்தில் மின்சாரம் எடுக்கும் திட்டம் அவர் காலத்தது. 1902-இல் அம்மின்சாரம் முதன்முதலாகக் கோலார்த் தங்கவயலுக்குச் சென்றது. அச்சுரங்கங்களின் ஆழத்தில் உழைத்தவருட் பெரும்பாலோர் தமிழரே. 1905-இல் பெங்களூரின் வீதிகளில் மின்விளக்கு எரிந்தது. 1901-இலேயே மறைந்த திவான் அவ்வொளி ஒன்றையும் காணவில்லை. பெங்களூரின் இரவு வாழ்க்கை என்று இன்று பேசுவோர், அவ்விரவுக்கு விளக்கேற்றியது காவிரி நீர் என்பதை மறத்தலாகாது.

சிவாஜி நகருக்குச் சென்றால் வேறொரு காட்சி. பிளாக்பள்ளி என முன்னாளிற் பெயர் பெற்ற அவ்விடத்தில், செஞ்சிப் பக்கமிருந்து வந்து குடியேறிய தமிழ்க் கிறித்தவர் காணிக்கை மாதாவுக்கு ஒரு சிற்றாலயம் எழுப்பினர். அதுவே வளர்ந்து, 1882-இல் கூர்மாடமும் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களும் கொண்ட பேராலயம் ஆயிற்று. செப்டம்பர்த் திங்களில் மாதா திருவிழாவின்போது காவியுடை உடுத்து நடந்து வருவோரில் எல்லாச் சமயத்தாரையும் காணலாம். அருகே ரசல் சந்தை. 1927-இல் கட்டப்பட்ட அதன் முகப்பு வளைவுகளின் கீழே காய்கறியும் மீனும் விற்போரின் தமிழும் உருதுவும் கன்னடமும் ஒன்றோடொன்று கலந்து ஒலிக்கும். 2012 பிப்ரவரியில் அச்சந்தையில் தீப்பற்றிக் கடைகள் பல கருகின. ஆயினும் வணிகர் கலைந்து போகவில்லை; புகைபடிந்த சுவர்களுக்கு இடையிலேயே மீண்டும் கடை விரித்தனர்.

பெருங்கட்டடம் மட்டுமே பழமை அன்று, வீடுகளும் உண்டு. 1898-இல் இருப்புப்பாதை வழியே வந்த கொள்ளைநோய் இந்நகரை உலுக்கிற்று. நெருக்கமான தெருக்களை விட்டு வெளியேற மக்கள் விழைந்தனர். மல்லேசுவரமும் பசவனகுடியும் விரைந்து வளர்ந்தன. 1906-இல் தண்டுப் பகுதியில் எலி புகாத வீடுகள் வேண்டும் என்று பிரேசர் டவுன் தொடங்கப்பட்டது. அந்நாளைய பங்களாக்களின் தனி அழகு 'மங்கி டாப்' எனப்படும் முகடு. வாயிலின் மீதும் சாளரத்தின் மீதும் கூம்பாகக் கவிந்து, இடைவெளி விட்டு நிறுத்திய மரச்சட்டங்களால் வெயிலை வடிகட்டும் அமைப்பு அது. கூரைக்கு மங்களூர் ஓடு. ஓடு இல்லாத வீடுகளுக்கு மெட்ராஸ் டெரஸ்.

மெட்ராஸ் டெரஸ் என்றால் என்ன என்று இளைஞர் கேட்கலாம். தேக்கு விட்டங்களை வரிசையாகப் பரப்புவர். அவற்றின் மீது மெல்லிய செங்கற்களைச் சாய்கோணத்தில் விளிம்பு வாக்கில் நிறுத்திச் சுண்ணாம்புக் காரையாற் பிணைப்பர். அதன்மேற் செங்கற் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாய் அமர்ந்து கட்டையால் நாட்கணக்காக இடித்து இறுக்குவர். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளிப்பர். பின்னர்த் தட்டோடு பதிப்பர். கோடையிலும் உள்ளே குளிர்ந்திருக்கும். பெயரிலேயே சென்னையைச் சுமந்து வந்த இத்தொழிலின் நுட்பம், தமிழ்நாட்டிலிருந்து வந்த கொத்தரின் கைகளில் இருந்தது. அவர்கள் கட்டிய மாளிகையில் அவர்கள் வாழவில்லை என்பதும் உண்மை. பங்களாவின் பின்கட்டிலும், அல்சூர், சிவாஜி நகர் ஆகிய இடங்களின் லைன் வீடுகளிலும், ஒரு கிணற்றுக்குப் பத்துக் குடும்பம் என்ற கணக்கிலும் அவர்கள் வாழ்ந்தனர். பழமையைப் போற்றும்போது அப்பின்கட்டையும் சேர்த்தே நினைத்தல் வேண்டும். அன்றேல் அப்போற்றுதல் பாதிப் போற்றுதலே ஆகும்.

இனி இரவுக்கு வருவோம். நம் தந்தையர் தலைமுறைக்கு இரவு என்றால் அது இரண்டாம் ஆட்டந்தான். சிவாஜி நகரின் எல்ஜின், குளோப், மகாத்மா காந்தி சாலையின் பிளாசா, பிரிகேட் சாலையின் ரெக்ஸ், பேட்டைப் பக்கம் மெஜஸ்டிக், கபாலி எனக் கொட்டகைகளின் பெயராலேயே மக்கள் ஊரின் திசைகளை அறிந்தனர். பேருந்து நிலையமும் இரயில் நிலையமும் உள்ள பகுதி முழுவதையும் மெஜஸ்டிக் என்று இன்றும் அழைக்கின்றோம். அப்பெயரை ஈந்த கொட்டகை இன்று இல்லை. பேருந்து நிலையம் இருக்கும் இடமோ ஒரு காலத்தில் தர்மாம்புதி என்னும் ஏரி. கொட்டகையும் போயிற்று, ஏரியும் போயிற்று, பெயர் மட்டும் நடத்துநரின் வாயில் வாழ்கின்றது. நடத்துநர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகின்றது: இவ்வூர்ப் பேருந்திற் சீட்டுக் கிழித்த இளைஞர் ஒருவரே பின்னர் ரஜினிகாந்த் என்னும் பெயரில் தமிழ்த் திரையை ஆண்டார்.

1936-இல் எழுந்த பிளாசா இருந்த இடத்தில் இன்று மெட்ரோ நிலையம் நிற்கின்றது. 2011 அக்டோபர் 20-ஆம் நாள் இந்நகரின் முதல் மெட்ரோ வண்டி பையப்பனஹள்ளிக்கும் அந்நிலையத்துக்கும் இடையே ஓடத் தொடங்கிற்று. ரெக்ஸ் 2018-ஆம் ஆண்டின் இறுதி நாளோடு திரையை மூடிற்று. 1968-இல் திறந்த கபாலியும் இடிந்தது. 1974-இல் தொடங்கிய காவேரி 2024-இல் இடிக்கப்பட்டது. இரண்டாம் ஆட்டம் விட்டதும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, படத்தின் வசனத்தைப் பேசியவாறே அல்சூர் வரை நடந்த கூட்டம் முதியோர் நினைவில் மட்டுமே உள்ளது.

ஆங்கிலேயரின் இரவு வேறு. 1868-இல் தோன்றிய பெங்களூர்க் கிளப்பில் படைத்தலைவர் ஆடினர், பாடினர், அருந்தினர். வின்ஸ்டன் சர்ச்சில் இளம் படைவீரராக இவ்வூரில் இருந்தபோது அங்கே வைத்த 13 ரூபாய்க் கடன், வசூலாகாத கடனென்று அதன் பேரேட்டில் இன்னும் நிற்கின்றது. பேரேட்டோடு காலங்கழிக்கும் நமக்கு இதைக் கேட்கையில் நகைப்பும் சிறிது வியப்பும் தோன்றுகின்றன. பின்னாளில் பிரதமராகி உலகப்போரை நடத்தியவரும் ஒரு குமாஸ்தாவின் கணக்கிலிருந்து தப்பவில்லை! அக்கிளப்புகளிற் சமைத்தவரும் பரிமாறியவரும் பந்து பொறுக்கியவரும் நம்மவர். 1980-களுக்குப் பின் பிரிகேட் சாலையிலும் சர்ச் தெருவிலும் 'பப்' எனப்படும் மதுக்கூடங்கள் பெருகி, நகருக்கு அவற்றாலேயே ஒரு பெயர் உண்டாயிற்று. இரவு 11.30 மணிக்கு அடைக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு ஒரு காலத்தில் இருந்தது. பின்னர் 1 மணி வரை நீண்டது. குடியால் அழிந்த குடும்பங்களையும் நம் தெருக்களிற் கண்டிருக்கின்றோம்; ஆதலின் அப்பெருமையைப் பாட நமக்கு நாவெழவில்லை.

காப்பிக் கடைகளின் கதையை மகிழ்ந்து சொல்லலாம். மகாத்மா காந்தி சாலையில் வெள்ளுடையும் தலைப்பாகையும் அணிந்த பணியாளருடன் விளங்கிய இந்தியா காப்பி ஹவுஸ் 2009 ஏப்ரலில் அவ்விடத்தை விட்டு அகன்றது. ஆயினும் மறையவில்லை, சர்ச் தெருவுக்குக் குடிபெயர்ந்தது. 1924-இல் தோன்றிய எம்.டி.ஆர். போர்க்காலத்து அரிசித் தட்டுப்பாட்டில் ரவா இட்டிலியைப் படைத்தது. இன்றும் லால்பாக் சாலையில் வரிசை நிற்கின்றது. 1943-இல் தோன்றிய வித்யார்த்தி பவன் காந்தி பஜாரில் தோசை வார்த்துக்கொண்டே இருக்கின்றது.

இவ்விரண்டு இரவுகளும் சேராத மூன்றாவது இரவொன்று உண்டு, அதுவே பழையது. சித்திரைப் பௌர்ணமி இரவில் பேட்டையின் தர்மராயர் கோயிலினின்று கரகம் புறப்படும். மல்லிகைப் பூவாற் கூம்பாக அலங்கரித்த கரகத்தைத் தலையில் ஏந்தி, பெண்கோலம் பூண்ட பூசாரி விடியும் வரை தெருத்தெருவாய் வலம் வருவார். உருவிய வாளுடன் வீரகுமாரர் சூழ்வர். திகளர் குலத்தார் நடத்தும் இவ்விழா, மஸ்தான் சாகிபு தர்காவிலும் நின்று மரியாதை பெற்றுச் செல்லும். திரௌபதியம்மனுக்குத் தீமிதி நடக்கும் வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களிலிருந்து வந்தவர்க்கு இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை. அல்சூரிற் சோமேசுவரர் விழாவின் பூப்பல்லக்குகளும் இரவிலேயே உலா வருகின்றன.

உழைப்பின் இரவையும் மறத்தல் கூடாது. 1884-இல் தொடங்கிப் பின்னர் பின்னி மில் எனப் பெயர் பெற்ற நெசவாலையில் இரவு முறைக்குச் சங்கு ஒலித்தபோது நம்மவர் குடும்பங்கள் விழித்தெழுந்தன. இன்று அந்நிலத்தில் அடுக்குமாடிகள் நிற்கின்றன. கிருஷ்ணராஜேந்திரச் சந்தையிலோ, ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பூக்கள் வந்திறங்கி, ஊர் உறங்கும் வேளையிலேயே விலை கூறப்படுகின்றன. நம் நிலையத்திலும் இரவு வண்டியை எதிர்நோக்கிச் சமிக்ஞை விளக்கு எரிகின்றது. கணிப்பொறி நிறுவனங்களின் வாயிற்காவலரும், விடியுமுன் தெருப்பெருக்கும் தொழிலாளரும், வாடகை வண்டி ஓட்டுவோரும் இந்நகரின் இரவு வாழ்க்கையினரே. அவருள் தமிழர் எத்துணையர் என்பதை நாம் சொல்லவும் வேண்டுமோ?

சரி, போனது ஏன் போயிற்று? நின்றது ஏன் நின்றது? இதைச் சிறிது எண்ணிப் பார்த்தோம். வலிமையால் நின்றது என்று சொல்வதற்கில்லை. அட்டாரா கச்சேரியையே 1980-களில் இடித்துவிட்டுப் புதிது கட்ட முயற்சி நடந்தது. மக்கள் எதிர்த்தனர், வழக்காடினர், கட்டடம் பிழைத்தது. அழகால் நின்றது என்றும் சொல்வதற்கில்லை. லால்பாகில் இருந்த அழகிய கிரும்பிகல் மண்டபம் பராமரிப்பின்றிச் சிதைந்து 2017-இல் இடிக்கப்பட்டது. பயன்பட்டது நின்றது, பயன் ஒழிந்தது வீழ்ந்தது என்பதே நாம் கண்ட முடிவு. பேராலயத்தில் நாள்தோறும் வழிபாடு உண்டு. சந்தையில் வணிகம் உண்டு. கச்சேரியில் வழக்கு உண்டு. கப்பன் சாலையின் பி.ஆர்.வி. கொட்டகை படையினரின் பண்டகசாலையாய் மாறியதால் அதன் சுவர்கள் நிற்கின்றன. பிரிகேட் சாலை முனையில் பாழடைந்து கிடந்த ஆப்பரா ஹவுஸ், 2018-இல் சாம்சங் நிறுவனத்தாற் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் வாயில் திறந்தது. பழைய சுவருக்குப் புதிய வேலை கொடுத்தால் அது வாழும் என்பதற்கு இவை சான்று. நம்மவர் மிகுதியாய் வாழும் பினாங்கின் ஜார்ஜ் டவுன் 2008-இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டதும், அங்கே கடைவீடுகளிற் கடையும் வீடும் தொடர்ந்து இயங்கியதோடு தொடர்புடையதே.

மறுபக்கத்தையும் சொல்லாவிடில் நேர்மை ஆகாது. பாட்டனார் வீட்டை ஆறு பேர் பங்கிட வேண்டும், கூரை ஒழுகுகின்றது, சுண்ணாம்புக் காரை அறிந்த கொத்தர் கிடைப்பதில்லை, பெண்ணுக்குத் திருமணம், பையனுக்குக் கல்லூரிக் கட்டணம். அந்நிலையில் வீட்டை விற்பவரைக் குறை கூற நமக்கு உரிமை இல்லை. மெட்ரோவினால் நாள்தோறும் பயன் பெறும் நாம், பிளாசாவுக்காக மட்டும் கண்ணீர் வடித்தலும் பொருந்தாது. நகரம் என்பது அருங்காட்சியகம் அன்று. மக்கள் பிழைக்கும் இடம். ஆயினும் வீடு போகும்போது அவ்வீட்டின் வரலாறும் உடன் போக வேண்டும் என்ற கட்டாயம் ஏதும் இல்லையே! கதவை விற்கலாம், கதவு செய்த தச்சரின் பெயரை யாரும் விலைக்குக் கேட்பதில்லை. அதை நாமே வீசியெறிந்து விடுகின்றோம்.

இங்கேதான் நம் குடும்பங்களுக்கு ஓர் இடர் உள்ளது. ஊரிலே பிறந்தவர்க்கு ஊர் சான்று கூறும். குலதெய்வக் கோயிலும் பட்டாவும் பேசும். குடியேறி வந்தவர்க்கோ, கட்டிய சுவரும் கற்ற பள்ளியும் வேலை செய்த ஆலையுமே சான்று. இரண்டு நூற்றாண்டாக இந்நகரில் நம்மவர் வாழ்ந்தும், "நீங்கள் எப்போது வந்தீர்கள்?" என்று யாரேனும் கேட்டால், நம் பிள்ளைகள் விழிக்கின்றனர். வாதாடுவதற்காக அன்று, தம்மைத் தாமே அறிவதற்காக அவர்கள் விடை அறிந்திருத்தல் வேண்டும். இவ்வூரைத் தம்முடையதாக எண்ணும் கன்னட அன்பர்களோடு நாம் சேர்ந்து கட்டிய ஊர் இது என்னும் எண்ணம், பகையை வளர்ப்பதன்று, உறவை வளர்ப்பது. அல்சூர் ஏரிக்கரையில் 18 ஆண்டுகள் மூடிக்கிடந்த திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்டு 9-ஆம் நாள் திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னையிற் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. அது நமக்கு நல்ல வழிகாட்டி.

ஆதலின் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கான திட்டத்தை அன்பர்கள் முன் வைக்கின்றோம். காலையில் தண்டு நிலையத்திற் புறப்படுக. காணிக்கை மாதா ஆலயத்தையும் ரசல் சந்தையையும் பார்த்து, கமர்ஷியல் தெரு வழியாக மகாத்மா காந்தி சாலையை அடைக. மெட்ரோ நிலையத்து வாயிலில் நின்று பிளாசாவைப் பிள்ளைகளுக்குச் சொல்லுக. சர்ச் தெருவிற் காப்பி அருந்திக் கப்பன் பூங்காவிற்கு நடந்து, சேஷாத்ரி ஐயர் மண்டபத்தையும் அட்டாரா கச்சேரியையும் காண்க. மாலையில் அல்சூர்ச் சோமேசுவரர் கோயிலும் வள்ளுவர் சிலையும் கண்டு வீடு திரும்புக. உணவுச் செலவு தவிர வேறு செலவு மிகுதியில்லை. இயலுமாயின் வீட்டின் முதியவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுக. அவர் கால் ஓயும் இடந்தோறும் ஒரு கதை வெளிவரும். நம் அனுபவம் அது.

இன்னொன்று. வீட்டுப் பரணில் உள்ள பழைய நிழற்படங்களை எடுத்து, அவற்றின் பின்புறத்தில் இடமும் ஆண்டும் இருப்போர் பெயரும் பென்சிலால் எழுதி வைத்திடுக. மையால் எழுதினால் மறுபுறம் ஊறிவிடும். பாட்டனார் எந்த ஆலையில், எந்தக் கொட்டகையில், எந்தப் பணிமனையில் வேலை பார்த்தார் என்பதைப் பாட்டியிடம் இவ்வாரமே கேட்டு ஒரு பக்கம் எழுதுக. அப்பக்கங்கள் சங்க நூலகத்திற்கு வந்து சேருமாயின், நூலுக்கு உரிய அட்டை போட்டு அடுக்கி வைக்கும் வேலையை நாம் ஏற்கின்றோம். கோப்பு அடுக்குவது நமக்குப் பழகிய தொழில் அன்றோ!